தோணியைக் கூப்பிடுகிற குரல்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் டீச்சர் உவமை, உருவகம், உயர்வு நவிற்சி மூன்றையும் ஒரே வாரத்தில் நடத்தி முடித்தார். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. யார் வாயைத் திறந்தாலும் அது எந்த வகை என்று பார்ப்பதே வேலையாகப் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனோம். மாமா என் உம்மாவின் தம்பி. பத்து வருடம் கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர், அப்புறம் அதை விட்டுவிட்டுச் சரக்குக் கிட்டங்கியில் சங்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நிக்காஹ் முடிகிற வரை மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பது எங்கள் கீழக்கரையில் வழக்கமில்லை. பெண்கள் போய்ப் பார்த்து வந்து சொல்வதுதான். முந்தைய இரண்டு பெண்களையும் 'வாய் அதிர்ந்து ஒரு வார்த்தை வராது' என்று உம்மா அத்தனை புகழ்ந்தாள். மாமா வேண்டாம் என்றுவிட்டார். இதையும் தட்டிவிட்டால் இனி எவரும் நம்மைப் படியேற விடமாட்டார்கள் என்று உம்மா வழியெல்லாம் புலம்பினாள்.

பெண் வீட்டில் எனக்கு ஒரே வேட்டை.

“எங்க புள்ள தங்கம்” என்றார் பெண்ணின் உம்மா. உருவகம்! “அவ நடந்தா மண்ணுக்கே தெரியாது” என்றார் பெரியம்மா. உயர்வு நவிற்சி! “கழுத்தப் பாருங்க, சங்கு மாதிரி.” உவமை! நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பெண் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆடு உள்ளே வந்து வெற்றிலைத் தட்டில் வாயை வைத்தது.

“ஏ ஆடூ! யாரு அங்கன, வெத்தலயத் திங்குது, புடிங்க!”

கத்தியது பெண்தான். யா அல்லாஹ், என்ன குரல்! ஆடு தாவி ஓடியது, பெண்ணின் உம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது உம்மா என் கையை அழுத்திக் கிள்ளினாள்.

“மாமாட்ட இதச் சொன்னே, வாயத் தச்சுப்புடுவேன்.”

வீட்டில் உம்மா நிலா என்றாள், சங்குக் கழுத்து என்றாள்.

“எந்தச் சங்கு லாத்தா? கடல்லேருந்து எடுத்த நாத்தச் சங்கா, கழுவுன சங்கா?” என்று அக்காவைக் கேட்டார் மாமா.

உம்மா கோபத்தோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“இங்கன வா” என்று மாமா என்னை எப்போதும்போல இடப்பக்கம் உட்கார வைத்தார். “நெசத்தச் சொல்லு. புள்ள பேசுச்சா?”

கிள்ளிய இடம் இன்னும் எரிந்தது. ஆனால் வருகிற வழியில் நானே ஒரு உவமை செய்து வைத்திருந்தேனே! புத்தகத்தில் இல்லாதது, என் சொந்தச் சரக்கு. அதை எப்படி முழுங்குவது?

“தூரத்துல போற தோணியக் கரையில நின்னு கூப்புடுவாங்கள்ல, அது மாதிரி கொரலு மாமா.”

“என்ன மாதிரி?”

மறுபடி சொன்னேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது.

“தோணியில இருக்கிறவனுக்குக் கேக்குமா?”

“நல்லாக் கேக்கும் மாமா” என்று விம்மினேன்.

“லாத்தா! எனக்குச் சம்மதம்.”

என் உவமையால்தான் கல்யாணம் நடந்தது என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். கடலின் ஆழம் மாமாவின் ஒரு காதை முழுதாகவும் இன்னொன்றைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டதையும், அதை அவர் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்லாமல் மறைத்ததையும் நான் அறிந்தது பல வருடம் கழித்து. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வைப்பது என் பேச்சின் மேல் உள்ள ஆசையால் என்றே நம்பியிருந்தேன்.

மாமி சாப்பிடக் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். உம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மாமா சிரித்துக்கொண்டே ஒரே கூப்பிடலில் எழுந்து போவார். நான் கூப்பிட்டால் மட்டும் ஏன் அப்படி எழுந்து வருவதில்லை என்று ரொம்ப நாள் மாமியின்மேல் பொறாமைப்பட்டேன்.