கேம்பர்வானில் பால் காய்ச்சிய கதை

வேலையை விட்டு நின்ற பிறகு எனக்கு, கட்டிலும் அடுப்பும் வைத்த கேம்பர்வானில் ஊர் சுற்றும் ஆசை வந்தது. நாங்கள் இருக்கும் தகனினியில் எங்கள் வாசலால் ஒன்று போனால், கையிலிருக்கிற தேத்தண்ணி ஆறுமட்டும் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வந்து குடியேறிய இந்த நாட்டில் நான் பேக்கரிப் பாண் ஏற்றி வான் ஓட்டியவன். எத்தனை கடற்கரையைத் தாண்டி ஓடியிருப்பேன், ஒன்றிலும் இறங்கிக் கால் நனைத்ததில்லை.

ஆனால் மனைவி சம்மதிக்கவேண்டும். அவள் வராமல் தனியப் போய் நான் யாரோடு சண்டை பிடிப்பது? வந்த புதிதில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம். துடைக்கத் துடைக்க வரும். அந்த வீட்டுக்காரர் ஒரு வாத்து வளர்த்தார், அது என்னைக் கண்டாலே துரத்தும். சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம். அந்த ஈரத்தில்தான் அவளுக்கு மூச்சு இழுப்பு வந்தது; ஈரமென்றால் இன்றும் பயம்.

ஹில்ஸ்பரோ என்ற மேட்டுப் பகுதியில் ஒருவர் கேம்பர்வான் விற்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். மலேசியாத் தமிழர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். வான் கதவைத் திறந்ததும் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"அங்கிள், உண்மைய சொல்லிடுறேன். கூரை ஓரமா தண்ணி இறங்கி இந்தச் செவரே ஊறிப் போச்சு. நானே பிரிச்சு, காயவச்சு, புதுப் பலகை அடிச்சேன். இப்ப சொட்டு ஈரம் இல்ல லா!"

எனக்கு மனம் விழுந்துவிட்டது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, ஈரத்துக்குப் பயந்து ஓடி வந்த என்னை, ஈரம் குடிச்ச வானுக்குள்ளயே கூட்டிக்கொண்டு வந்திட்டியள்."

"காய்ஞ்சிட்டுது எண்டு சொல்லுறாரெல்லே."

"விக்கிறவர் வேற என்னத்தைச் சொல்லுவார்?"

அவர் பாவம், பேச்சை மாற்ற அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார். நீலச் சுவாலை பூப்போல எரிந்தது. மனைவி தன் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பானையும், வரும் வழியில் டெய்ரி என்கிற மூலைக்கடையில் வாங்கிய பாலும் வெளியே வந்தன. வழியில் ஏன் பால் என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

"நித்திரை கொள்ளுற இடமெண்டா அது வீடுதானே. பால் காய்ச்சிப் பாப்பம்."

"ஆண்டி, இன்னும் வாங்கவே இல்லையே!"

"அதுதான் தம்பி, வாங்கமுதல் பாக்கிறன்."

மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். பால் நுரைத்து எழும்பியது. அவருக்கும் ஊர்ப் பழக்கம் போகாது போலும், இரண்டு கையையும் தூக்கி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார். கத்தி முடியவில்லை, கண் பிதுங்கிவிட்டது. ஹில்ஸ்பரோ மேட்டில் எந்த வாகனம் நேராக நிற்கிறது? வான் சரிந்து நின்றது. பொங்கி வழிந்த பால் முழுவதும் அந்தப் புதுப் பலகைச் சுவரைத் தேடித்தான் ஓடியது.

"ஐயோ, அந்தப் பக்கம் போவாதே! போவாதே!"

பாலைப் பார்த்துத்தான் கத்தினார். போட்டிருந்த சுவெட்டரைக் கழற்றி அணை கட்டினார். அதையும் தாண்டிப் போன பாலுக்கு முன்னால் தானே குறுக்கே சாய்ந்துகொண்டார். நான் அடுப்பை நிறுத்தினேன். அவர் நிலத்தில் குப்புறப் படுத்து, சுவரின் அடியை விரலால் தடவித் தடவி, விரலை மணந்து பார்த்தார். காது மடலில் பால் நுரை.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்தால் எனக்கும் வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் சிரிக்க, வான் ஆடியது. அவரும் கிடந்தபடியே சிரிக்கத் தொடங்கினார்.

"இதை எடுப்பமப்பா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நம்பமுடியாமல் கேட்டேன், "ஓமோ? என்னண்டு?"

"உள்ளுக்கு உக்கின பலகையை வச்சு மூடினவன், ஒரு சொட்டுப் பாலுக்கு இப்பிடி விழுந்து கிடப்பானே? இந்தச் சுவரைப் பிள்ளை மாதிரிப் பாத்திருக்கிறார்."

மிஞ்சிய பாலுக்குச் சீனி போட்டு மூன்று பேரும் ஒரே கோப்பையில் மாறி மாறிக் குடித்தோம். எனக்குத் தலை கிறுகிறுத்தது, வெறும் பாலில். அதற்குள் அவள் கட்டிலில் ஏறி நீட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

"நான் வெளிப்பக்கம்," என்றாள். "சுவர்ப்பக்கம் நீங்கள் படுங்கோ."