காலை பஸ்ஸில் நடந்த ஆய்வு

மணிமங்கலம் கலைமதிக்கு 1991இல் இருபத்திரண்டு வயது. சென்னையில் எம்.ஏ. சமூகவியல் முதலாண்டை முடித்திருந்தாள். இறுதியாண்டில் ஆய்வேடு எழுதினால்தான் பட்டம். தாம்பரம் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகும் கிராமத்துப் பெண்களின் வீடுகளில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. கோடை விடுமுறையிலேயே கேள்வித்தாள்களோடு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பிவிட்டாள்.

முதலில் பேசியவள் செங்கமலம். துணி தைக்கும் கம்பெனியில் வேலை, இரண்டு பிள்ளைகள். வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக் கொடுத்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அழைத்துப் போனாள். எந்த வீட்டுக்குப் போனாலும் மாமியாரோ கணவரோ கூடவே உட்கார்ந்துகொண்டார்கள். பெண்களைக் கேட்டால் பதில் அவர்களிடமிருந்து வந்தது.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில், ஒரு பெண் உடலில் கட்டி வந்த குண்டு வெடித்து முன்னாள் பிரதமர் இறந்தார். நாடே அதிர்ந்துபோயிற்று. வட்டாரம் முழுக்க, யார் வந்தார்கள், எங்கே தங்கினார்கள் என்று போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்தது. தோளில் பையோடு கேள்வி கேட்டு வரும் பெண்ணை யார் உள்ளே விடுவார்கள்? ஜூன் மாதம் கலைமதி மறுபடி போனபோது கதவுகள் திறக்கவில்லை. நாலைந்து ஆண்கள் சூழ்ந்து நின்று அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். செங்கமலம்தான் ஓடிவந்து, மணிமங்கலத்துப் பெண், காலேஜில் படிக்கிறது என்று சொல்லி மீட்டாள். ஆனால் தெருமுனை வரை கூட வந்தவள் தயங்கி நின்றாள்.

“கண்ணு, தப்பா நெனச்சுக்காத. நான் சொன்னத எழுதிகினு போனியே, அத குடுத்துடு. என் வூட்டுக்காரரு பயப்படறாரு.”

கலைமதி மறுபேச்சில்லாமல் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். பஸ் ஏறும்வரை அழுகையை அடக்கிக்கொண்டாள். வேறு தலைப்பு பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று வீட்டில் அப்பா கேட்டார். வழிகாட்டிப் பேராசிரியைக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனாலும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

ஜூலையில் வகுப்பு தொடங்கியது. வீட்டிலிருந்து படப்பைக்கு வந்து காலை பஸ் ஏறி, தாம்பரத்தில் மின்ரயில் பிடிப்பாள். ஒருநாள் அந்த பஸ்ஸில் செங்கமலம் இருந்தாள். ஒதுங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். படிப்பு எப்படிப் போகிறது என்று விசாரித்தாள். ஆய்வு நின்றுபோயிற்று என்றாள் கலைமதி. செங்கமலம் அவள் பக்கம் திரும்பினாள்.

“வூட்டாண்ட வராத. இங்கயே கேளு. இங்க நம்மள கேக்கறதுக்கு யாரு கீறாங்க?”

சொன்னதோடு நிற்காமல், கூட வேலை பார்ப்பவர்களையும் ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் உட்கார வைத்தாள். கலைமதி தாளை வெளியே எடுக்கவில்லை. பஸ்ஸில் கேட்டதை ரயிலில் எழுதினாள். வீட்டில் வந்த பதில்கள் பல இங்கே தலைகீழாயின. சமையலில் கை வைப்பதே இல்லை என்று சொன்ன ஒரு கணவர்தான் விடியுமுன் எழுந்து உலை வைக்கிறாராம். ஊர் சிரிக்குமென்று மறைத்திருக்கிறார்கள். எழுதியதையெல்லாம் கலைமதி அவர்களிடமே சொல்லிக் காட்டினாள். பாஞ்சாலி என்பவள் ஒப்புக்கொள்ளவில்லை.

“நான் எங்க அப்டி சொன்னேன்? வேலை கஷ்டம்னு சொன்னேன். வாணாம்னு சொல்லலியே.”

கலைமதி அதைத் திருத்தி எழுதினாள்.

மறுவருடம் வாய்மொழித் தேர்வில், வீடுகளில் ஏன் கேட்கவில்லை என்றார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முதல் வகுப்பு கிடைத்தது. பெயர் போட வேண்டாம் என்று பெண்கள் கேட்டுக்கொண்டிருந்ததால், நன்றிப் பக்கத்தில் ‘பஸ்ஸில் என்னோடு பேசிய அக்காக்களுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

முடிவு வந்த மறுநாள், போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமலே அந்த பஸ்ஸில் ஏறினாள். முதல் வகுப்பு என்றதும் “நல்லாரு கண்ணு” என்றாள் செங்கமலம். முந்தின நாள் ராத்திரி வரை ஓ.டி. பார்த்த களைப்பு அவளுக்கு. கொஞ்ச நேரத்தில் கலைமதியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தாம்பரம் வரும்வரை கலைமதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.