பல்செட் பைரியின் மட்டைகள்

நினியன் பைரிக்கு ஊர் வைத்த பெயர் பல்செட் பைரி. ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் எங்கள் ஊரான பிட்லாரியில் இருக்கும் ஒரே பல் மருத்துவரின் கட்டடத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் அவருக்கு வேலை. மருத்துவர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார், இவர் அதைப் பார்த்துப் பல்செட் செய்து திருப்பி அனுப்புவார். எங்கள் ஊரில் வயதானவர்களில் பாதிப்பேர் அவர் செய்த பல்லால்தான் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுகிறார்கள். அவற்றில் ஒரு செட்டாவது அவரிடம் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருக்குமா என்றால், இல்லை.

என் பெயர் செங்கா. கோல்ஃப் மைதானத்தில் முதல் ஆட்டம் தொடங்கும் இடத்தை ஒட்டி என் கடை. மட்டை விற்பேன், பிடி மாற்றுவேன், தண்டு உடைந்தால் ஒட்டித் தருவேன். ஜன்னலில் நின்றால் ஆட்டம் தொடங்குவதும் தெரியும், கடைசிக் குழியில் முடிவதும் தெரியும். நடுவில் கடலோரமாக அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. நான் ஆடுவதில்லை. ஆடுகிறவர்களை இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு அந்த ஆசை எப்படி வரும்?

பைரி முதல்முறை கடைக்கு வந்தபோது தலைமுடி கறுப்பாக இருந்தது. ஆபர்டீனிலிருந்து வேலைக்காக வந்தவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்கும் அளவுக்கு யாரும் பழகவில்லை. சாயங்காலம் எல்லோரும் ஆடி முடித்து வீட்டுக்குப் போன பிறகு, கடைசி ஆளாக வந்து, தனியாகச் சுற்றிவிட்டுப் போவார். மழையோ காற்றோ, அவருக்கு ஒன்றுதான்.

ஆரம்பத்தில் மகா மோசமாக ஆடினார். அடித்த பந்து வலப்பக்கமாக வளைந்து முட்செடிக்குள் போகும். இவர் போய்த் தேடுவார். நான் கடையைச் சாத்தும்போதும் செடிக்குள்ளிருந்து அவருடைய தொப்பி மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை தோறும் கடைக்கு வருவார். பந்து வளைவதற்கு மட்டைதான் காரணம் என்பது அவருடைய கட்சி. விறைப்பான தண்டு போட்ட பெரிய மட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார்.

"அது காட்டுத்தனமா வீசுற பயலுகளுக்குங்க. உங்க வீச்சு மெதுவு. வளைஞ்சு கொடுக்கிற தண்டுதான் உங்களுக்கு" என்றேன்.

"அது பொம்பளைங்க மட்டைன்னு சொல்றாங்களே."

"மட்டைக்கு ஏதுங்க ஆம்பளை பொம்பளை? நாளைக்கே மீசை வரைஞ்சு தரவா?"

அவர் சிரித்தார். சத்தமே வராத சிரிப்பு. ஆனாலும் விறைப்பான தண்டைத்தான் வாங்கிக்கொண்டு போனார். குளிர்காலம் முழுவதும் முட்செடியில் குடியிருந்துவிட்டு, வசந்தத்தில் வந்து மெதுவான தண்டைக் கேட்டார்.

இன்னொரு நாள் ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் கவிழ்த்தார். உள்ளே அவருடைய சொந்தக் கைகள். பயந்தே போனேன். மட்டையைப் பிடித்தபடி, பல் அச்சு எடுக்கும் மாவில் தன் கையையே அச்சு எடுத்து, வெள்ளை வெளேரென்று வார்த்திருக்கிறார். நகம், ரேகை எல்லாம் அச்சு அசல்.

"இந்தப் பிடியில என்ன தப்புன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். விரல் மூட்டுகள் எல்லாம் புடைத்துக்கொண்டு நின்றன.

"நீங்க மட்டையைப் பிடிக்கல, கழுத்தை நெரிக்கிறீங்க. இவ்வளவு இறுக்கிப் பிடிச்சா அது என்ன பண்ணும், பாவம்? கொஞ்சம் விட்டுப் பிடிங்க" என்று தடிமனான பிடி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் பந்து நேராகப் போக ஆரம்பித்தது. அந்த வெள்ளைக் கைகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. புது வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அவருடைய பையில் பதினான்கு மட்டைகள் உண்டு, விதி அதற்கு மேல் அனுமதிக்காது. அந்தப் பதினான்கையும் அவர் எத்தனை தடவை மாற்றினார் என்று கேட்காதீர்கள். பல முறை "இது வேண்டாம், பழசே நல்லாருக்கு" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்போதும் உடனே கிளம்பமாட்டார். தண்டுகளைத் தடவிக்கொண்டு நிற்பார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் வேலை விஷயம் தவிர ஒரு மனுஷரோடு பேசுகிறார் என்று எனக்குப் புரிய வெகுகாலம் பிடித்தது.

இப்போது சனிக்கிழமை வழக்கத்தைச் சொல்லவேண்டும். சனிக்கிழமை காலையில் ஆட வருகிறவர்கள் என் கடை வாசலில் கூடுவார்கள். ஆளுக்கொரு பந்தைப் புல்லில் வைப்பார்கள். ஒருவர் அத்தனையையும் தொப்பியில் அள்ளி மேலே வீசுவார். எவன் பந்துக்குப் பக்கத்தில் எவன் பந்து விழுகிறதோ, அன்றைக்கு அவர்கள் இருவரும் மோதவேண்டும். வக்கீலும் மீன்காரரும் ஜோடி சேருவது இப்படித்தான். ஜெயித்தவர் தோற்றவருக்கு ஒரு பியர் வாங்கித் தரவேண்டும்.

பைரி ஒரு சனிக்கிழமையும் வந்ததில்லை. "அவருக்குத் தனியா ஆடத்தான் பிடிக்கும்" என்று ஆண்கள் சொல்வார்கள். ஒருநாள் பைரியிடமே கேட்டேன்.

"தொண்ணூறு தடவைக்குள்ள அடிச்சுப் பதினெட்டுக் குழியையும் முடிச்சுடறேன். அப்புறம் யாராவது கூப்பிட்டா வர்றேன்" என்றார்.

"யாரும் யாரையும் கூப்பிடறதில்லைங்க. போய்ப் பந்தை வைக்கணும், அவ்வளவுதான்."

"கூப்பிடாம எப்படிங்க?"

யாராவது கூப்பிடவேண்டும் என்று இவர் காத்திருக்கிறார், அவர்கள் இவருக்குத் தனிமைதான் பிடிக்கும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதை. இந்தக் கடற்கரையில் பிறந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு மரியாதை வாய்க்கும். நாசமாய்ப் போக.

போன கோடையில் ஒரு சாயங்காலம் அவர் மூச்சுவாங்க வந்து என் கதவைத் தட்டினார். நான் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எண்பத்தொம்பது" என்றார்.

சொல்வதற்கு ஊரில் வேறு யாரும் இல்லை. நான் சந்தோஷப்படும்வரை நின்றார். சந்தோஷப்பட்டேன், நிஜமாகவே. அந்தச் சனிக்கிழமை அவர் வந்தார். தோய்த்துத் தேய்த்த சட்டை. புத்தம்புதுப் பந்தை எடுத்துக் குவியலின் ஓரத்தில் வைத்தார். வீசியபோது அது ராப் மெல்ட்ரமின் பந்தை உரசிக்கொண்டு போய் விழுந்தது.

மெல்ட்ரம் கறிக்கடைக்காரன். நானும் அவனும் ஒரே வகுப்பு, அவனுக்கு மரியாதை கொடுத்துப் பேச எனக்கு வராது. கத்தினாலும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டான் என்று நினைத்திருந்தேன். பகலில் அவர்கள் கடைசிக் குழிக்கு வந்தபோது அவன் முகம் அவன் கடையில் தொங்கும் ஈரல் நிறத்தில் இருந்தது. அவன் பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. மெல்ட்ரம் பைரியைப் பார்த்தான். பைரி பேசாமல் நின்றார். மெல்ட்ரம் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, கோபத்தோடு மட்டையால் தட்டினான். ஒரு சாண் தூரத்துப் பந்து குழியின் விளிம்பில் சுற்றி வெளியே வந்துவிட்டது. பைரி ஜெயித்துவிட்டார்.

மெல்ட்ரம் நேரே என் கடைக்குள் வந்தான்.

"ஒன்னே ஒன்னு விட்டுக்கொடுத்தானா அந்த ஆளு? காலையிலேர்ந்து ஒன்னே ஒன்னு? குழிக்கு விரல் நீளம் தள்ளிக் கிடக்கிற பந்தைக்கூடக் குனிஞ்சு தட்ட வச்சான், செங்கா. கஞ்சப்பய."

பந்து குழிக்கு மிக அருகில் கிடந்தால், "எடுத்துக்கோங்க" என்று எதிராளி சொல்வது எங்களிடம் வழக்கம். சொல்லிவிட்டால் அது குழியில் விழுந்ததாகக் கணக்கு, தட்டிக் காட்டவேண்டியதில்லை. விதிப்படி சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லாதவனோடு ஆடுவதற்கும் யாருக்கும் கட்டாயம் இல்லை.

"உன் வாயில இருக்கிற பல்லைச் செஞ்சு கொடுத்தவரையே அந்தப் பல்லால கடிக்கிறியேடா" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டு போனான், ஆனால் பியருக்கு வரவில்லை. மதியம், ஆட்டக்காரர்கள் பியர் குடிக்கும் மன்றத்துக்குள் எட்டிப்பார்த்தேன். வழக்கப்படி பைரி இரண்டு பியர் வாங்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றைக் குடித்திருந்தார். எதிர்நாற்காலிக்கு முன்னால் இருந்ததில் நுரை அடங்கியிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்து பந்தை வைத்தார். மெல்ட்ரம்தான் தொப்பியில் அள்ளினான். எல்லாப் பந்தையும் அள்ளினான், ஒன்றைத் தவிர. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் ஜோடியாகக் கிளம்பிப் போனபிறகு, பைரி புல்லில் கிடந்த தன் பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடைசி ஆளாகத் தனியே போனார். எனக்கு அழுகை வந்தது. மெல்ட்ரமை நாலு வார்த்தை கேட்கவும் வந்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார்.

"இந்த உருட்டுற மட்டையை மாத்தலாம்னு பார்க்கிறேன்" என்றார். குழிப்பக்கம் பந்தை உருட்டப் பயன்படும் மட்டை அது. "அன்னிக்கு ரெண்டு மூணு எடத்துல தடுமாறிட்டேன். அவங்களுக்கு ஈடா ஆடலைன்னுதான் விட்டுட்டாங்க போல."

நான் அந்த மட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி மேஜைமேல் வைத்தேன்.

"மட்டையில ஒரு குறையும் இல்ல. நீங்க மெல்ட்ரமுக்கு ஏன் ஒரு பந்துகூட விட்டுக்கொடுக்கல?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"கொடுத்தேனே. எல்லாத்தையும் கொடுத்தேன். அவர்தான் அப்பவும் தட்டிக்கிட்டே இருந்தாரு. ஏன் தட்டுறாருன்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு."

"எப்பக் கொடுத்தீங்க? வாயைத் திறந்து எடுத்துக்கோங்கன்னு சொன்னீங்களா?"

அவர் மேஜைமேல் இருந்த மட்டையின் தண்டைத் தடவினார்.

"சொன்னேன்னுதான் நெனைச்சேன்" என்றார். "மனசுக்குள்ள சொல்லியிருக்கேன் போலிருக்கு."

இத்தனை வருஷம் தனியாகச் சுற்றியவர். பந்தும் அவருடையது, எதிராளியும் அவரேதான். நினைத்தது எது, சொன்னது எது என்று பிரித்துச் சொல்ல அவருக்கு யார் இருந்தார்கள்?

அன்று அவருக்கு நான் எதையும் விற்கவில்லை. மறுநாள் ஆட்டுக்கறி வாங்கப்போனபோது மெல்ட்ரமிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கத்தியைத் துடைத்தான். பல்லை நாக்கால் ஒரு தள்ளு தள்ளிச் சரிசெய்துகொண்டான். "வேற என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்பனி ஏறி வந்தது. எங்கள் ஊரில் அது வந்தால் கை நீட்டினால் கை தெரியாது. கடையைச் சாத்தும்போது கடைசிக் குழிப்பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"எடுத்துக்கோங்க."

மறுபடியும், இன்னும் கொஞ்சம் பலமாக, "எடுத்துக்கோங்க, பரவாயில்ல." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அட, எடுத்துக்கப்பா." நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வெறும் தரையைப் பார்த்து அந்த மனுஷர் தாராளமாக வாரி வழங்கிக்கொண்டிருந்தார். போய் ஒரு வார்த்தை பேசலாமா என்று நினைத்தேன். கூச்சப்படுவார் என்று போகவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே.

சனிக்கிழமையும் பனி விலகவில்லை. பனிக்காக ஆட்டத்தை நிறுத்துகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போது, கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒருவர் மழைச்சட்டைக்குப் பொத்தான் வைத்ததா, ஜிப் வைத்ததா என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். பந்துகள் விழும் சத்தம் கேட்டது. அவரை ஒருவழியாக அனுப்பிவிட்டு வெளியே ஓடினால், ஆட்கள் எல்லோரும் பனிக்குள் போயிருந்தார்கள். புல்லில் பந்து எதுவும் கிடக்கவில்லை. அவர் வந்தாரா, பந்தை வைத்தாரா, அள்ளினார்களா, தானே எடுத்துக்கொண்டு போய்விட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. அன்று காலையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு மட்டைக்குப் பிடியைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன்.

மதியவாக்கில் கடைசிக் குழிப்பக்கம் யாரோ நடக்கும் சத்தம். ஒருவரா இருவரா என்று தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தேன். பந்தை மட்டை தட்டும் மெல்லிய சத்தம் கேட்டது. உடனே அந்தக் குரல்.

"எடுத்துக்கோங்க."

கடல் மட்டும் இரைந்தது. மறுபடியும் தனியாகத்தான் நின்று சொல்கிறார் என்று நினைத்தேன். ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினேன்.

"எதை எடுத்துக்கச் சொல்றே?" என்றான் பனிக்குள்ளிருந்து மெல்ட்ரம். "பந்து இன்னும் ஓடிக்கிட்டு இருக்குய்யா."