ஆண்டவரின் தோளுக்கு முழங்காலில் போன மைனி

தினமும் நான் ஆண்டவரின் முதுகைப் பார்த்துத்தான் சமைக்கிறேன். வியட்நாமில் வுங் தாவ் என்னும் கடற்கரை ஊரில் குடியிருக்கிறேன். இங்கே குன்றின் மேல் ஒரு பெரிய இயேசு சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. ஊர் அதன் பின்பக்கம் இருப்பதால் எங்கள் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அங்கியின் மடிப்பும் பிடரியும்தான் தெரியும். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு இயேசு படம் வாசலைப் பார்த்து மாட்டியிருக்கும். உள்ளே வருகிறவர்கள் அந்த முகத்துக்கு ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். முதுகுக்கு எப்படிச் சிலுவை போடுவது என்று வந்த புதிதில் எனக்குக் குழப்பம். இப்போது பழகிவிட்டது. குழம்பு கொதிக்கும்போது அந்த முதுகிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உப்புப் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இங்கே இழுவைக் கப்பலில் இன்ஜின் வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். நான் பத்தாவது வரை படித்தவள், கூச்ச சுபாவம். சொந்த ஊரிலேயே கூட்டம் நிற்கிற கடையில் வாயைத் திறந்து சாமான் கேட்கமாட்டேன். எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக நிற்பேன். அப்படிப்பட்டவளுக்கு இந்த ஊர் ஒரு வகையில் சௌகரியம். வெளிநாட்டுக்காரி பேசமாட்டாள் என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். நான் விரலைக் காட்டுவேன், அவர்கள் எடுத்துத் தருவார்கள். சந்தையில் காதில் விழுந்து ஒட்டிக்கொண்ட சொற்கள் கொஞ்சம் உண்டு. கோழிக்கால் வாங்கியதில் கால் என்பதற்கு ‘சன்’ என்று தெரியும். மீன் கெட்டுப்போனால் ‘ஹூ’, அப்போதுதான் பிடித்தது என்றால் ‘துவோய்’. பக்கத்து வீட்டம்மா புருஷனைத் திட்டுவதில் ‘சோங்’ என்றால் புருஷன் என்று தெரிந்தது. இவ்வளவும் தெரிந்து வைத்திருந்தேனே தவிர, ஒன்றையும் யாரிடமும் சொல்லிப் பார்த்ததில்லை.

போன மாதம் என் மைனி ஜெசிந்தா, அண்ணனின் மனைவி, ஊரிலிருந்து வந்தார். சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு நேர்ச்சையை முடிக்க. என் அண்ணன் சங்கு குளிக்கிறவன். வாயில் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் முங்கிச் சங்கு பொறுக்குகிற வேலை. அடியிலிருந்து நின்று நிதானமாக மேலே வரவேண்டும், அவசரப்பட்டு வந்தால் உடம்பு தாங்காது. ஒரு நாள் குழாயில் காற்று வருவது நின்றுபோக, அவன் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். படகில் தூக்கிப் போட்டபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தான். மைனி ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து அவனைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டுவார். அந்த நாட்களில் வீடியோவில் பேசும்போது ஒரு முறை, அழுகையை மறைக்கப் போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன். சிலை தெரிந்தது. மைனி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் எறும்பு மாதிரி என்னளா அசையுது என்று கேட்டார். உள்ளே படி இருக்கிறது, தோள் வரை ஆட்கள் ஏறிப்போவார்கள் என்றேன். அப்படியானால் உங்க அண்ணன் எழுந்து நடந்தால் நான் அந்தத் தோளில் வந்து நின்று நன்றி சொல்கிறேன் என்று அங்கேயே நேர்ந்துகொண்டார்.

அண்ணன் எழுந்தான். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு கம்பு ஊன்றி, பிறகு சும்மாவே. இப்போது படகில் காற்று மெஷினைப் பார்த்துக்கொள்கிறான், தண்ணீரில் இறங்குவதில்லை. ஆனால் அவனுக்கு லேசாகக் கால் மரத்தாலும் மைனிக்குத் தூக்கம் போய்விடும். நேர்ச்சையைப் பாக்கி வைத்திருப்பதால்தான் என்பார். வந்த முதல் வாரம் விடாத மழையில் குன்றை மூடிவிட்டார்கள். அடுத்து மைனிக்குக் காய்ச்சல். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் காலையில்தான் எங்களால் ஏற முடிந்தது.

குன்றுப் பாதை நன்றாக இருந்தது. இருபுறமும் பூமரம், மேலே போகப் போகக் காற்று. மைனி பட்டுச்சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு, திருவிழாவுக்குப் போகிற மாதிரி வந்தார். சிலையின் அடியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அரைக்கால் சட்டை போட்டு வந்த வெள்ளைக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மைனிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மரியாதை தெரிஞ்ச ஊருதான் என்றார். வரிசையில் நின்று உள்ளே நுழையும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். குறுகலான சுழல் படி, சுவரோடு ஒட்டி மேலே போனது.

“ஏளா, இது ஆண்டவரோட உடம்புல்லா. நெஞ்சுக்குள்ள எப்படிளா காலை வச்சு ஏறுவேன்?”

எனக்கும் சுரீர் என்றது. ஒரு புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். இங்கே இத்தனை பேர் சிரித்துக்கொண்டே ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்குச் செருப்பைக் கழற்றியதோடு மரியாதை நிறைவாகிவிடுகிறது. நமக்கு வெறும் காலும் கால்தான். ஏறினால் ஆண்டவரை மிதித்த மாதிரி, ஏறாவிட்டால் நேர்ச்சை பாக்கி. மைனியின் கண் கலங்கியது. பின்னால் வரிசை நெருக்கியது. நான் வழக்கம்போல ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன்.

அப்போது மைனி முந்தானையை இடுப்பில் செருகினார், படியில் மண்டியிட்டார், முழங்காலால் ஏறத் தொடங்கிவிட்டார். நம் ஊர் மாதா கோயிலில் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலில் போவார்களே, அது மாதிரி.

மேலேயிருந்து இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் மைனி மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு வயதான அம்மா கைப்பையைத் திறந்து பச்சைத் தைலக் குப்பியை எடுத்தார். இந்த ஊரில் தலைவலி, வயிற்றுவலி, பஸ்ஸில் வாந்தி எல்லாவற்றுக்கும் அந்தத் தைலம்தான். மைனியின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பரபரவென்று தேய்க்க, மைனி கண் எரிந்து, எனக்கு என்னத்தப் பூசுதா இவ என்று கையைத் தட்டிவிட, அந்த அம்மா இன்னும் பயந்து முழங்காலுக்கும் தேய்க்கப் போனார். காவலுக்கு நின்ற பெண் வந்து, எழுந்திரு அல்லது கீழே இறங்கு என்று கையைக் காட்டிச் சத்தம் போட்டாள். மைனி எழுந்திருக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு வார்த்தை சொல்லுளா. உன்னை விட்டா இங்கன எனக்கு யாரு இருக்கா?”

படி முழுக்க ஆட்கள், எல்லாக் கண்ணும் என்மேல். மைனி கல்லில் மண்டியிட்டபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். நன்றிக்கு ‘காம் ஒன்’ தெரியும், கடவுள் என்பதற்குச் சந்தையில் சொல் கிடைக்காது. பக்கத்து வீட்டம்மா தும்மும்போது சொல்லும் ‘சூவா’தான் கடவுள் என்று ஒரு யூகம். மைனியைக் காட்டி ‘சோங்’ என்றேன். என் காலைத் தட்டி ‘சன்’ என்றேன். ‘ஹூ’ என்றேன். பிறகு நடந்து காட்டி, சத்தமாகவே, ‘துவோய்’ என்றேன். மேலே கையைக் காட்டி, ‘சூவா, காம் ஒன்’.

இவள் புருஷன் கால் அழுகிப்போய்விட்டது, இப்போது அப்போதுதான் பிடித்த மீன் மாதிரி இருக்கிறது, ஆண்டவருக்கு நன்றி. நான் சொன்னதன் அர்த்தம் இதுதான். தைலக்கார அம்மா முதலில் சிரித்தார், பிறகு படி முழுக்கச் சிரிப்பு. காவல்காரப் பெண்ணும் சிரித்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இறங்குகிறவர்களை இறங்கவிட்டு, கீழே கயிற்றைக் கட்டி வரிசையை நிறுத்தினாள். எவ்வளவு நேரமானாலும் சரி, போங்கள் என்று கையைக் காட்டினாள். அந்த அம்மா மட்டும் குப்பியோடு எங்கள் பின்னால் வந்தார், மருந்துக்கு ஆள் வேண்டுமே என்பது போல.

மைனி முன்னால், நான் சேலை தடுக்காமல் தூக்கிப் பிடித்தபடி பின்னால். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“இது எந்த இடம்ளா?”

“இடுப்பா இருக்கும் மைனி.”

“நெஞ்சு வந்தா சொல்லு. அங்கன ஒரு செபம் சொல்லணும்.”

எனக்கு எப்படித் தெரியும். உத்தேசமாக ஒரு திருப்பத்தில் நெஞ்சு என்று சொன்னேன். மைனி அங்கே தலையைச் சுவரில் சாய்த்து அண்ணன் பேரைச் சொல்லி வேண்டினார். தைலக்கார அம்மாவும் குப்பியை இடுக்கிக்கொண்டு கை கூப்பினார். செபம் முடிந்ததும், இந்த முறை கேட்டுவிட்டு, மைனியின் முழங்காலில் தைலம் போட்டார். மைனி இப்போது தட்டிவிடவில்லை. நல்லாத்தாம்ளா இருக்கு, போகும்போது ரெண்டு குப்பி வாங்கணும் என்றார்.

தோளில் சின்னச் சின்ன மாடம், ஒன்றில் இரண்டு மூன்று பேர்தான் நிற்கலாம். மைனியும் அந்த அம்மாவும் வலது தோளுக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் நான் இடது தோளில் நின்றேன். நடுவில் ஆண்டவரின் தலை. என் பக்கம் கிழக்கு. கீழே எங்கள் கட்டடமும் மொட்டைமாடியில் நான் காலையில் காயப்போட்ட துணியும் தெரிந்தன, கடலில் மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது. மைனி பக்கம் மேற்கு. நம் ஊர் எந்தப் பக்கம் என்று அங்கிருந்து குரல் வந்தது. உங்க பக்கத்துல ஆண்டவர் கை நீட்டியிருக்கிற திசைக்கு நேரே என்றேன். ஆண்டவரின் விரித்த வலது கை போகிற திசையில், பல கடல் தாண்டி, தூத்துக்குடிதான். மைனி அந்தப் பக்கம் திரும்பி, எழுந்து நின்று, முக்காட்டை இழுத்துவிட்டு நன்றி சொல்லத் தொடங்கினார். காற்றில் பாதிதான் கேட்டது. அண்ணன் பேர் கேட்டது, என் பேரும் கேட்டது.

பிறகு அந்தப் பக்கத்தில் முன்பே நின்றவர் இறங்கி இடம் விட்டார். இங்கன வாளா, ஊர்ப்பக்கம் வந்து நில்லு என்று மைனி கூப்பிட்டார். அதே சமயம் படியிலிருந்து காவல்காரப் பெண் தலையை நீட்டி, எல்லாம் ஆயிற்றா, கீழே வரிசை காத்திருக்கிறது என்று ஜாடையில் கேட்டாள். துணி நனையுமே என்று எனக்கு ஒரு கண் மொட்டைமாடியில். அந்த அவசரத்தில் அந்தப் பெண்ணிடம் தமிழில் “இந்தா வாரேன்மா” என்றேன். மைனியிடம் ‘சோ ச்சூட்’, கொஞ்சம் பொறுங்கள், என்று வியட்நாம் பேச்சில் சொல்லியிருக்கிறேன். சரி சரி என்று இருவரும் தலையாட்டினார்கள்.