கண் திறந்த ஒரு படம்

என் கல்யாண ஆல்பத்தில் நான் கண் திறந்திருக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. தாலி கட்டும்போது மூடியிருக்கிறேன், சரி, ஜெபம் பண்ணுகிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். கேக் வெட்டும்போதும் மூடியிருக்கிறேனே, அதற்கு என்ன சொல்வது? ஃபிளாஷ் மின்னினால் என் இமை தானாக விழுந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் வீட்டுக்காரரின் தங்கச்சி, கட்டிக்கொடுத்த ஊரான அணைக்கட்டிலிருந்து வரும்போதெல்லாம், கால் கழுவிய கையோடு அந்த ஆல்பத்தைத்தான் எடுப்பாள். நான் வேலூரில் நர்ஸ். அது போதாதா அவளுக்கு?

"இன்னா அண்ணி, நைட் டூட்டி முடிச்சிட்டு நேரா கல்யாணத்துக்கு வந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

இந்த நிலைமையில்தான் எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்தில் ஒரு மலர் போடுவதாக முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு உறுப்பினரின் படமும் பேரோடு அச்சில் வருமாம். ஆல்பம் என்றால் பீரோவில் வைத்துப் பூட்டலாம். புத்தகம் எங்கள் பாகாயம் பகுதியில் வீடு வீடாகப் போகும், அணைக்கட்டுக்கும் போகும். தூங்குமூஞ்சி என்று அச்சிலேயே ஏறிவிட்டால் அப்புறம் அழிக்க முடியுமா?

ஸ்டுடியோவை நம்பிப் பிரயோஜனம் இல்லை. ஒருமுறை பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனபோது, அந்த ஸ்டுடியோக்காரன் சலித்துப்போய், கம்ப்யூட்டரில் வேறு யாரோ ஒரு பெண்ணின் கண்ணை எடுத்து என் முகத்தில் ஒட்டிக் கொடுத்தான். என் அம்மாவே அதைப் பார்த்து, யாரடி இவள் என்று கேட்டாள்.

அப்போதுதான் டிஜிட்டல் கேமரா பரவலாக வரத் தொடங்கியிருந்தது. எங்கள் வார்டு டாக்டர் ஒருவர் வைத்திருந்தார். எடுத்த நொடியே பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். எனக்காகவே எவனோ கண்டுபிடித்தது போல இருந்தது. இருப்பதிலேயே சாதாரணமான ஒன்று, பட்டனை அழுத்தினால் படம் விழ வேண்டும், அது போதும் என்று வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வேலூர் பஜாருக்குப் போனேன்.

அவரை இழுத்துக்கொண்டு போனதுதான் வினை.

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. நாள் முழுக்க ஷூவை வளைத்துப் பார்ப்பது, தையலில் கட்டைவிரலை ஓட்டுவது, முகர்ந்து பார்ப்பது, ஓரமாகத் தூக்கிப் போடுவது. அந்தக் கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. எங்களைப் பார்க்க வரும் விருந்தாளியின் முகத்தைப் பார்க்குமுன் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துவிட்டு வருவார்.

கடைக்கார பாய் நாலைந்து கேமராக்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்து விளக்க ஆரம்பித்தார். மெகா பிக்சல் என்றார், ஜூம் என்றார், மெமரி கார்டு என்றார். நான் மண்டையை மண்டையை ஆட்டினேன். இவரோ கேமராக்களோடு வந்த உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துக்கொண்டிருந்தார்.

"இது ரெக்ஸின் பாய்."

"சார், அது கவரு. சும்மா தர்றது."

"இதுல பாரு, தையல் ஓரத்துல பிரிஞ்சிருக்குது. இத எப்படி பாஸ் பண்ணானுங்க?"

"சார், படம் எடுக்கறது கேமரா. கவரு படம் எடுக்காது."

"கவரு போச்சுன்னா கேமராவும் போச்சு பாய்."

பாய் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தேன். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பழுப்பு நிற உறை வந்தது. இவர் அதை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். எங்கள் கல்யாணத்தில்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அசல் தோல், இழை பிசகாத தையல். "இத பேக் பண்ணு பாய்" என்றார். அதற்குள் இருந்த கேமரா எது என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தால், அந்தக் கேமரா மகராசன் ஒரு படத்துக்கு இரண்டு தடவை மின்னினான். முதல் மின்னலில் என் கண் மூடும். சமாளித்துத் திறப்பேன், அடுத்தது மின்னும், மறுபடி மூடும். அந்த இரண்டாவது மூடலைத்தான் படமாகப் பிடிப்பான். பழைய கேமராவிலாவது ஒருமுறைதான் தூங்குவேன். எடு, பார், அழி. எடு, பார், அழி. சேலை மாற்றிப் பார்த்தேன், பவுடர் பூசிப் பார்த்தேன், இமையை விரலால் பிடித்துக்கொண்டுகூடப் பார்த்தேன். அதில் மட்டும் கண் திறந்திருந்தது, ஆனால் என் வார்டில் நான் கவனித்துக்கொள்ளும் நோயாளிகளே அதைவிடத் தெம்பாக இருப்பார்கள்.

இவருக்கோ வேறு கவலை. ஒவ்வொரு தடவையும் கேமராவை உறையிலிருந்து உருவி மறுபடி செருகுவதில் தோல் ஓரம் தேய்ந்துபோகுமாம். "இனிமே வெளிய எடுக்கவே தேவயில்ல, பாரு இன்னா பண்றேன்னு" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போனார். மறுநாள் சங்கத்தில் படம் கொடுக்கக் கடைசி நாள். நான் வீட்டில் முள்மேல் நிற்பது போல நின்றேன்.

சாயங்காலம் நல்ல வெயில் இருக்கும்போதே சீக்கிரம் வந்துவிட்டார். நான் துணி எடுக்க மொட்டை மாடியில் இருந்தேன். மூச்சிரைக்க ஏறி வந்து நீட்டினார். கட்டிங் செக்‌ஷனில் இருந்த தோஸ்தைப் பிடித்து, உறையில் லென்ஸுக்கு ஒரு ஓட்டை, பின்னால் படம் தெரிய ஒரு ஜன்னல், பட்டனுக்கு ஒரு சின்ன ஓட்டை போட்டு, சுற்றிலும் ஓரம் மடித்துத் தைத்து வாங்கி வந்திருந்தார். வேலை அவ்வளவு சுத்தம். கேமராவுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தது போல இருந்தது.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஏங்க, ஃபிளாஷுக்கு ஓட்டை எங்க?"

அவர் உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உறையைப் பார்த்தார்.

"அத மறந்துட்டேன் போல."

வந்ததே எனக்குக் கோபம்! காயப்போட்ட துணியை ஒரு கையில் அள்ளிக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, "இன்னா மனுஷன்யா நீங்க? நான் மூஞ்சி நல்லா விழலன்னு தவிச்சிட்டிருக்கேன், நீங்க அதுக்குப் போய் சொக்கா தச்சினு வர்றீங்க! நாளைக்கு நான் இன்னாத்த குடுப்பேன்? உங்க கவர குடுக்கட்டுமா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் பயந்துபோய், "இரு, இரு, வேலை செய்யுது பாரு" என்று காட்டுவதற்காகப் பட்டனை அழுத்திவிட்டார்.

மின்னவில்லை. ஒரு சின்னச் சத்தம் மட்டும்.

பின்னாலிருந்த ஜன்னலில் இருவரும் எட்டிப் பார்த்தோம். நான் இருந்தேன். கன்னத்தில் வெயில், கையில் அள்ளிய துணி, நீட்டிய விரல், திறந்த வாய். அதற்குமேலே அகலத் திறந்த இரண்டு கண்கள். என் கண்கள். என்னை நானே ஒரு படத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அழிக்கட்டுமா?" என்றேன், குரல் இறங்கி.

"கைய வெச்ச, தெரியும் சேதி" என்றார். "இந்த மூஞ்சியதான நான் மொதல்ல பாத்தேன்."

அது நிஜம். தன்னோடு வேலை செய்கிறவருக்கு ஆப்பரேஷன் என்று பார்வை நேரம் முடிந்தபிறகு வார்டுக்குள் நுழைந்த ஆளை, இதே விரலை நீட்டி வெளியே துரத்தினேன். அந்த ஆள் அடுத்த வாரம் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தான்.

அந்தப் படத்தையே கொடுத்தோம். பிரிண்ட் போட்ட ஸ்டுடியோக்காரன் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணு உங்களுதுதானா மேடம்?" என்று கேட்டான். ஃபிளாஷை அணைக்க அந்த கேமராவிலேயே ஒரு பட்டன் உண்டு என்பது எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

மலர் வெளிவந்தது. மற்ற பெண்களெல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விறைப்பாக நிற்க, நடுவில் நான் மட்டும் ஊரையே அதட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டிலிருந்து நாத்தனார் வந்தாள். புத்தகத்தைப் பிரித்து அவள் மடியில் நானே வைத்தேன். இன்றைக்கு என்ன சொல்வாள் பார்க்கலாம் என்று இடுப்பில் கைவைத்து நின்றேன். அவள் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"கண்ணு சூப்பரா தொறந்திருக்குது அண்ணி" என்றாள். "வாயதான் கொஞ்சம் மூடியிருக்கலாம்."

பின்னால் என் வீட்டுக்காரர் களுக்கென்று சிரிப்பது கேட்டது. திரும்பி ஒரு முறை முறைத்தேன். அவர் அதற்குள் கேமராவைத் தூக்கிவிட்டிருந்தார்.