வங்கி திறந்த காலை

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்தைத் தாண்டும்போது எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். எங்கள் சம்பளம் விழும் வங்கி நொடித்துப்போய், ஒரு மாதமாக ஷட்டர் மூடிக் கிடந்தது. பனியில் அதன் போர்டு மிதப்பதுபோலத் தெரியும்.

வேறொரு வங்கி கைகொடுத்து அது திறந்த காலையில், தூக்கக் கலக்கத்தோடு கனவில் நடப்பவள்போல வரிசையில் நகர்ந்தேன். மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

கேஷியரம்மா பணம் எடுக்க நான் நீட்டிய படிவத்தைப் பார்த்தார். “எங்க சம்பளமும் இதுலதான்மா கீது. நான் எடுக்கல” என்றார், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பின்னால் நின்றவர் பதறினார். “இன்னாம்மா, பணம் இல்லியா?”

“இருக்குண்ணே. அதான் எடுக்கலை.”