மாமன் வாங்கிக் கொடுத்த போன்

செவுளைப் பிரித்துப் பார்த்தே மீன் எந்த நேரத்தில் கரையேறியது என்று சொல்லிவிடுவாள் அஞ்சுகம். பட்டினச்சேரியிலிருந்து கூடையோடு பஸ் ஏறி, காரைக்காலில் இருபத்திரண்டு வருஷமாக மீன் விற்கிறவள். முந்தாநாள் வாவல் மீனை இன்றையது என்று சொல்லி அவள் தலையில் கட்ட முடியாது. ஏலம் விடுகிறவர்களே அவளைக் கண்டால் வார்த்தையை அளந்துதான் பேசுவார்கள். இத்தனை கூர்மையான கண்ணுக்கு, பெற்ற பெண் ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்குள்ளேயே நொறுங்கிக்கொண்டிருந்தது தெரியவில்லை. தெரியாமல் போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். அந்த நொறுங்கலையே நல்ல குணம் என்று நினைத்து ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தாளே, அதுதான் வயிற்றெரிச்சல்.

"எங்க ஜெயப்ரியா இருக்குற எடமே தெரியாதுக்கா. அடிச்சாக்கூட ஏன்னு கேக்காது," என்பாள் பக்கத்துக் கூடைக்காரி செல்லக்கண்ணுவிடம்.

"குடுத்து வச்சவடி நீ. எங்கூட்டுல ஒண்ணு இருக்கு, வாயத் தொறந்தா மூடாது," என்று செல்லக்கண்ணு பெருமூச்சு விடுவாள்.

வாயை மூடாத அந்தப் பெண் இன்றைக்குக் கல்யாணமாகி நாகூரில் கடை வைத்திருக்கிறாள். அடக்கமான ஜெயப்ரியாவோ பதினெட்டு வயதில் மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

சின்ன வயதில் அவள் அப்படி இல்லை. அப்பா நீலமேகத்தின் படகு கரை தட்டுவதற்குள் இடுப்புத் தண்ணீரில் ஓடி, அவன் தோளில் தொற்றிக்கொண்டுதான் வீடு வருவாள். நாலாம் வகுப்பு படிக்கும்போது அது திடீரென்று நின்றது. அப்பா முன்வாசலில் நுழைந்தால் அவள் பின்வாசலில் இறங்கிவிடுவாள். "பொட்டப்புள்ள வளருதுல்ல, வெக்கம்," என்று அஞ்சுகம் தீர்ப்புச் சொன்னாள். நீலமேகம் பாதிச் சோற்றில் எழுந்து போனான். டீசல் வாசனை அடிக்கிற எந்தக் கையும் அவளுக்கு ஒரே கையாகிவிட்டது என்பது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கை அஞ்சுகத்தின் கூடப்பிறந்த தம்பி ஆனந்தராஜின் கை. படகு என்ஜின் மெக்கானிக். அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது; அஞ்சுகம்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவள் மீன் விற்கப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவனைவிட நம்பிக்கையான ஆள் யார்? காது குத்துவது தாய்மாமன் மடியில், சடங்குக்குச் சீர் தாய்மாமன் வீட்டிலிருந்து. அந்த மடியைத் தப்பாக நினைக்க அஞ்சுகத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று வருஷம் நடந்தது. என்ன நடந்தது என்று விரித்துச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெண் பட்டது போதும்.

அவளுக்கு வயிற்றுவலி வந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், ஒன்றும் ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். "மண்டையில களிமண்ணு," என்று அஞ்சுகம் தலையில் குட்டினாள். குட்டும்போது அந்தப் பெண் நகரவில்லை, அழவில்லை, கண்ணைக்கூட இமைக்கவில்லை. அதையும் பொறுமை என்றுதான் எடுத்துக்கொண்டாள் தாய்க்காரி.

கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது ஆனந்தராஜ்தான் ஜெயப்ரியாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தான். "அக்கா மவ படிக்கணும்ல," என்றான். ஊர் மெச்சியது. அந்தப் போனில் ஹரிணி என்ற பெயரில் ஒருத்தி பழகினாள். காலேஜில் படிக்கிற அக்கா, சாப்பிட்டியா செல்லம் என்று தினமும் கேட்கிறவள். வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அது அக்காவே இல்லை, எங்கேயோ உட்கார்ந்து இதையே தொழிலாகச் செய்கிற ஆண்பிள்ளை என்பது தெரிவதற்குள் பதின்மூன்று வயதுப் பெண்ணின் படம் அவன் கையில் இருந்தது. இன்னொன்று அனுப்பு, இல்லாவிட்டால் ஊருக்கே அனுப்புவேன் என்றான். எட்டு மாதம் மிரட்டினான், பிறகு சொன்னபடியே அனுப்பியும் விட்டான்.

அன்றைக்கு அஞ்சுகம் துடைப்பம் பிய்ந்து போகிற வரைக்கும் அடித்தாள். "எவனாவது கேட்டா குடுத்துருவியாடி? வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் இல்லியா?" என்று கேட்டாள். அந்த வாய் இல்லாததைத்தான் நாலு வருஷமாகக் கூடைக்காரிகளிடம் மெச்சிக்கொண்டிருந்தாள்.

தடுக்க வந்தவன் ஆனந்தராஜ். "அடிக்காதக்கா, செத்துகித்துப் போயிடப் போவுது. போலீசு கீலீசுன்னு போயி நம்ம மானத்த நாமளே ஏலம் போட வேணாம். போனக் குடு. கடல்ல போட்டுட்டா முடிஞ்சிது," என்றான்.

அஞ்சுகம் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். அவன் படகில் போய்ப் போட்டுவிட்டு வந்தான். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான் என்று கண் கலங்கினாள். அந்தப் போனுக்குள் ஹரிணியின் மிரட்டல் மட்டும் இல்லை. "அம்மாகிட்ட வாயத் தொறந்த, என்னாவும்னு தெரியும்ல," என்று ஆனந்தராஜ் தன் சொந்தக் குரலில் அனுப்பியவையும் நாள் நேரத்தோடு இருந்தன. எல்லாம் தண்ணீருக்குள் போனது. ஊரிலிருந்த படங்கள் மட்டும் போகவில்லை.

ஐந்து வருஷம் இப்படியே கழிந்தது. போன மாதம் சின்னவள் தேவிகா பெரியவளானாள். சேதி கேட்ட அன்றைக்கே ஆனந்தராஜ் ஒரு போனோடு வந்து நின்றான். "சீர்ல மொத பொருளு இது. மத்ததெல்லாம் சடங்கன்னிக்கு," என்றான். அடுத்த வாரம், வேலைக்குப் போகிற வழியில் பெட்ரோல் பங்க் வாசலில் ஜெயப்ரியா மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, மனநல மருத்துவர் சந்திரலேகாவிடம் அனுப்பினார்கள். இரண்டு முறை போய் வாயே திறக்காதவள், மூன்றாம் முறை திறந்தாள். தங்கைக்கு மாமா போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் அவள் சொன்ன முதல் வாக்கியம்.

பிறகு டாக்டர் அஞ்சுகத்தை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அஞ்சுகம் காதால் கேட்டாள், நம்பவில்லை.

"ஒம்போது வயசுல நடந்ததுன்னா இப்ப ஏம்மா மயக்கம் வருது? மறந்து போயிருக்காதா?"

"வளர்ற வயசுல மூளை எதத் திரும்பத் திரும்பப் பாக்குதோ அதுக்குத் தகுந்தாப்புல தன்னையே அமைச்சுக்கும்மா. ஒங்க பொண்ணால ஓட முடியல, எதுத்து அடிக்க முடியல. அதனால அசையாம கெடக்கக் கத்துக்கிட்டா. ஆபத்துன்னு சொல்ற பகுதி எந்நேரமும் முழிச்சிருந்தா, படிக்கிறதுக்கும் யோசிக்கிறதுக்கும் உள்ள பகுதி என்ன பண்ணும்? போன்ல ஒருத்தன் மெரட்டுனப்பயும் அதேதான். வேணாம்னு சொல்லி ஜெயிச்சுப் பழகாத புள்ள அது."

அஞ்சுகம் தனக்குத் தெரிந்ததை வைத்துக் கேட்டாள். "தொறமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்க. புயல் போனா எறக்கிடுவாங்க. இதுக்கு எறக்கவே இல்லியா?"

"ஆமாம்மா. எறக்கலாம், நாளாவும். ஞாபகமும் அப்பிடித்தான். தேதி, மாசம் கேட்டா அவளுக்கு வராது. டீசல் வாசனை, சத்தம் இதெல்லாம் நேத்து நடந்த மாதிரி வரும்."

அஞ்சுகத்துக்கு நீலமேகம் பாதிச் சோற்றில் எழுந்து போன நாள் ஞாபகம் வந்தது. தன் நெஞ்சில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

டாக்டர் இன்னொன்றையும் அழுத்தமாகச் சொன்னார். "இத நான் போலீசுக்குச் சொல்லியே ஆவணும், சட்டம் அது. நாளைக்குக் காலையில ரெண்டு பொண்ணுங்களையும் அழைச்சிகிட்டு வாங்க. சின்னவ போனக் கட்டாயம் கொண்டாங்க. அதுல என்ன இருக்குன்னு பாக்கணும். அதுவரைக்கும் ஒங்க தம்பிகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிப் போலீசில் கொண்டுபோய் நிறுத்துவது? அது நியாயமா? பெண்ணிடம் ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை கேட்காதவளுக்கு, தம்பி விஷயத்தில் நியாயம் குறுக்கே வந்து நின்றது. ஜெயப்ரியாவை வீட்டில் படுக்க வைத்துவிட்டு நேராக ஆனந்தராஜின் பட்டறைக்குப் போனாள்.

கேட்டாள். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தடாலென்று காலில் விழுந்தான். "ஒன் இடுப்புல வளந்தவன்க்கா நானு. பைத்தியம் புடிச்ச புள்ள சொல்லுதுன்னு நீயுமா நம்புற? கடலம்மா மேல சத்தியம்க்கா," என்று அழுதான்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு நம்ப ஆசையாக இருந்தது. அந்த ஆசைக்காக அவள் சாகும்வரை தன்னை மன்னிக்கப் போவதில்லை. காலை இழுத்துக்கொண்டாள். "சடங்குக்கு நீ வராத. நாளைக்குப் போலீசுல சொல்லப் போறம். தேவிகா போனையும் கேட்டுருக்காங்க," என்று அத்தனையையும் அவனிடமே கொட்டிவிட்டு வந்தாள்.

அங்கிருந்து கரைக்குப் போனாள். நீலமேகம் வலை சீர் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. மச்சானை வெட்டப் போகிறேன் என்று அரிவாளைத் தூக்குவான் என்று பயந்துகொண்டே சொன்னாள். அவன் கையிலிருந்த ஊசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டு, "அப்ப எம்மேல அதுக்குக் கோவம் ஒண்ணும் இல்லியா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்லங்க," என்றாள் அஞ்சுகம். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தேற்றி எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவரும்போது பொழுது சாய்ந்திருந்தது.

மறுநாள் காலையில் எல்லாரும் கிளம்பி நின்றார்கள். நீலமேகம் விடிவதற்கு முன்பே குளித்து, சோப்பை இரண்டு முறை போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு வாசலோரமாகத் தள்ளியே நின்றான்.

"தேவிகா, ஒன் போன எடுத்தாடி," என்றாள் அஞ்சுகம்.

தேவிகா சுவரில் ஒட்டி நின்றாள். நகரவில்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை. பெரியவளானதிலிருந்து சின்னதும் எவ்வளவு அடக்கமாகிவிட்டது பார் என்று போன வாரம்தான் செல்லக்கண்ணு சொல்லியிருந்தாள். அஞ்சுகம் கிட்டே போனாள்.

"ஒன்னத்தாண்டி. போன் எங்க?"

"மாமா நேத்து சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரும்மா. அக்கா தூங்கிட்டு இருந்திச்சு. நீ கரைக்குப் போயிருந்த."

"எதுக்குன்னு சொன்னான்?"

"கடல்ல போடணும்னாரு."

அஞ்சுகம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். முதல் போனைக் கையால் எடுத்துக் கொடுத்தாள், இரண்டாவதை வாயால் கொடுத்தாள். சின்னவளை என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? சின்னவளின் முகமே பதிலாக இருந்தது. "ரெண்டு போனும் போச்சு. அங்க தேதி கேப்பாங்களே. எத வச்சு என்னன்னு சொல்லுவேன்," என்று தரையைப் பார்த்து முனகினாள்.

மூலையிலிருந்து ஜெயப்ரியா எழுந்து வந்தாள். தங்கையின் மூடிய கையை விரல் விரலாகப் பிரித்து, தன் கையில் கோத்துக்கொண்டாள்.

"எனக்குத் தேதி தெரியாதும்மா. டீசல் வாசன தெரியும். நான் அதச் சொல்றேன். எந்திரி."

அவள் குரல் அடுத்த வீடு வரைக்கும் கேட்டது.